எடையும் பலமும்

அவளுக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் வேறு. எனினும், ‘கடப்பாரை’ என்று அழைத்தால்தான் திரும்பிப் பார்ப்பாள். பகலெல்லாம் லாரிப் பட்டறையில் சக்கரம் கழற்றுவாள். மாலையில் பளுதூக்கும் கூடத்தில் இரும்போடு மல்லுக்கு நிற்பாள். உண்ணும்போது எவரோடும் பேச மாட்டாள். அவித்த முட்டை, மீன், பயறு என எது வந்தாலும் தட்டைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்கிவிட்டே எழுவது அவள் வழக்கம்.

அந்த வழக்கத்தின்மேல்தான் பயிற்சியாளர் கை வைத்தார். அணித் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த நேரம் அது.

“மேல் எடைப் பிரிவுல போன வருஷச் சாம்பியன் நிக்கிறா. கீழ்ப் பிரிவுல போட்டிக்கு ஆளே இல்ல. எடையக் கொஞ்சம் குறை, பதக்கம் தானா மடியில விழும். முட்டை, மீனையெல்லாம் மூட்டை கட்டி வை” என்றார்.

அவர் சொல்லை அவள் ஒருநாளும் தட்டியதில்லை. வெள்ளரிக்காயும் தண்ணீராய்ப் போன சூப்புமாகப் பொழுதைத் தள்ளினாள். அவளோடு ஒரே அறையில் குடியிருந்த அக்காளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தையல் இயந்திரத்தை மிதிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

“ஏண்டி, வண்டி இழுக்கிற மாடுகூட வெறும் வைக்கோலப் போட்டா, புண்ணாக்கு எங்கேன்னு முறைக்கும். உன் உடம்பு மட்டும் வாயில்லாப் பூச்சியா?”

“பதக்கம் வேணும்க்கா.”

“வாங்கு, வாங்கு. அத மாட்டிக்கக் கழுத்து மிஞ்சணுமே!”

மறுநாள், வழக்கமாகப் பந்துபோல் உருட்டும் சக்கரம் அவள் கையை விட்டு நழுவியது. பட்டறை மேஸ்திரி பதறிப்போய்த் தம் காலை இழுத்துக்கொண்டார்.

“என்ன கடப்பாரை, குண்டூசி ஆயிட்டியா?”

அவர் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பழைய பயிற்சியின் தொடைவலியே இன்னும் ஆறாமல் இருந்தது. முன்பெல்லாம் ஓர் இரவு உறங்கி எழுந்தால் ஆறிவிடும் வலி அது.

அன்று மாலை பயிற்சியாளர் அவளை எல்லார் முன்னிலையிலும் எடைப்பொறியில் ஏற்றினார்.

“சபாஷ்! இறங்கிருச்சு!” என்று கைதட்டினார்.

பிறகு அவள் பளு மாட்டிய இரும்புத் தண்டைப் பற்றினாள். உடம்பைச் சூடேற்றிக்கொள்ள அவள் விளையாட்டாய்த் தூக்கிவந்த எடைதான். முழங்கால்வரை வந்து ‘தடால்’ என்று விழுந்தது. மீண்டும் முயன்றாள். இம்முறை தரையை விட்டே எழவில்லை.

“நான் இறங்கிட்டேன் மாஸ்டர். இது ஏற மாட்டேங்குதே.”

“போட்டியன்னிக்கு வேகம் தானா வரும்.”

“எங்கேயிருந்து வரும்? கொழுப்பு கரைஞ்சா போகட்டும், தசையில்ல கரையுது! இவ்வளவு பயிற்சி பண்ற உடம்புக்குப் புரோட்டீன் வேணாமா? வெள்ளரிக்காய வச்சு எதக் கட்டுறது?”

“இங்க மாஸ்டர் யாரு? நீயா, நானா?”

“நீங்கதான். உடம்பு என்னோடது.”

மூலையில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டனர். பயிற்சியாளர் முகம் சிவந்தார்.

“மேல் பிரிவுக்குப் போனா மூக்கறுபட்டுத்தான் வருவ. தோத்துட்டு இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காத, ஆமா!”

அந்தக் கூடத்தை விட்டால் அவளுக்குப் பயிற்சி செய்ய வேறிடம் இல்லை. அதை அவரும் அறிவார். அவள் வெளியே சென்றாள். விலகிவிட்டாள் என்றே பலரும் எண்ணினர். அவளோ தெருமுனைக் கடையிலிருந்து அவித்த முட்டைகளோடு திரும்பி வந்தாள். கூடத்தின் நடுவில் கிடந்த பெஞ்சில் அமர்ந்து, ஒவ்வொன்றாக ஓடு உரித்து, பயிற்சியாளர் பார்த்திருக்கவே நிதானமாக மென்று தின்றாள். தன் வழக்கப்படி உண்ணும்போது பேசவில்லை.

பின்னர்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“மேல் பிரிவுலயே என் பேர எழுதிக்குங்க மாஸ்டர். நான் சாப்பிட்டுட்டுத்தான் தூக்குவேன்” என்றாள், குரலை உயர்த்தாமல்.