மன்னிப்புக் கேட்க வந்தவள்

அரகாவா ஆற்றுக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் டோக்கியோ. ரயிலில் ஏறி உட்காருவதற்குள் இறங்கும் இடம் வந்துவிடும். ஆனால் கவாகுச்சியில் இருக்கும் எங்கள் குர்திஷ் ஆண்களில் பலர் அந்த ஆற்றுப் பாலத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஷியாரும் அப்படித்தான். அடைக்கலம் கேட்டு வந்தவனைத் தடுப்பு முகாமில் போட்டார்கள். இரண்டு குளிர்காலம் அங்கே கிடந்துவிட்டு, தற்காலிக விடுவிப்பு என்று ஒரு சீட்டோடு வெளியே வந்தான். அந்தச் சீட்டு இருப்பவன் வேலை செய்யக்கூடாது. மருத்துவக் காப்பீடு கிடையாது. அனுமதி வாங்காமல் எங்கள் சைத்தாமா மாகாணத்தின் எல்லையைத் தாண்டக்கூடாது; எல்லை அந்த ஆறுதான். குடியேற்ற அலுவலகத்துக்கு மாதாமாதம் போய்ச் சீட்டை நீட்டித்து வாங்க வேண்டும். நீட்டிக்க மாட்டோம் என்று சொன்னால் அப்படியே உள்ளே போக வேண்டியதுதான். இன்னமும் அவன் குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை என்று அவன் மனைவி ரோஜ்பின் ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

நான் நூரே. ஒரு ஜப்பானியனைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாக இந்த ஊரில் குப்பை கொட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை இலவச மருத்துவ முகாமில் எங்கள் ஜனங்களுக்கு மொழிபெயர்க்கிறவள் நான்தான். சம்பளம் ஒன்றும் இல்லை, அதனால் யாரை வேண்டுமானாலும் திட்டுவேன்.

இந்த வருஷம் பேராசிரியர் ஹதானோ தன் மருத்துவ மாணவர்களை முகாமுக்குக் கூட்டிவந்தார். உலக சுகாதாரம் என்று ஒரு பாடமாம். அகதிகளைப் புத்தகத்தில் படித்தது போதாது, நேரில் பார்க்க வேண்டும் என்றார். எதைப் பார்த்தாலும் குறிப்பெடுக்கிற பிள்ளைகள். நல்ல பிள்ளைகள்தான், அதுதான் வம்பு. பேராசிரியர் அவர்களுக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லுவார். தவறு செய்துவிட்டால் மூடி மறைக்காதே, நேரில் போ, தலை குனிந்து மன்னிப்புக் கேள். இந்த நாட்டில் அது வைத்தியர்களுக்கு மட்டுமான பாடம் இல்லை. கறுப்பு உடை போட்டுக்கொண்டு, கையில் இனிப்புப் பெட்டியோடு வாசலில் போய் நிற்பார்கள். என் பிள்ளை குதித்த சத்தத்துக்காக நானே கீழ்வீட்டுக்கு அப்படிப் போயிருக்கிறேன்.

ஷியாரின் கழுத்தில் கட்டியைக் கண்டுபிடித்தது குசுனோகி என்ற மாணவி. நான் அப்போது பெண்கள் வரிசையில் இருந்தேன். கட்டிடம் இடிக்கும் இடங்களில் கற்ற ஜப்பானிய மொழியை வைத்துக்கொண்டு அவனே சமாளித்திருக்கிறான். கட்டியைத் தொட்டதும் அவள் முகம் வெளுத்ததைப் பார்த்துப் பயந்துவிட்டான். அவள் அங்கேயே போன் போட்டு, தன் கல்லூரியின் பெரிய ஆஸ்பத்திரியில் காசில்லாமல் ஊசிப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தாள். சொன்ன நாளில் தானே வந்து அவனைக் கூட்டிக்கொண்டும் போனாள். அந்த ஆஸ்பத்திரி இருப்பது பாலத்துக்கு அந்தப் பக்கம்.

பாலத்தில் யாரும் நிறுத்தவில்லை. திரும்பியும் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும் என்று ரோஜ்பின் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னபோதுதான் அவன் பாலம் தாண்டியதே எனக்குத் தெரிந்தது. உடனே குசுனோகியைப் போனில் கூப்பிட்டேன்.

"அவன் பாலம் தாண்டக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"ஆஸ்பத்திரிக்குக் கூடவா?"

"சாகப் போனாலும் அனுமதி வாங்கிட்டுத்தான் போகணும். சரி, நடந்தது நடந்துபோச்சு. ஒருத்தரும் பார்க்கல. நீ வாயை மூடிக்கிட்டு இரு. வெள்ளிக்கிழமைக்கு முறையா அனுமதி கேட்டுக்கலாம்."

மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். போனைப் பிடித்துக்கொண்டே குனிகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விஷயம் அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சீட்டை நீட்டிக்கும் நாள் புதன்கிழமை வந்தது. வழக்கம்போல நானும் கூடப் போனேன். அலுவலக வாசலில் ஷியார் தன் கைப்பேசியையும் மோதிரத்தையும் கழற்றி ரோஜ்பினிடம் கொடுத்தான். ஒவ்வொரு மாதமும் அப்படித்தான் கொடுப்பான், வெளியே வந்து வாங்கிக்கொள்வான். அன்றைக்கு அவன் சட்டைக் காலருக்கு மேலே கட்டி நன்றாகத் தெரிந்தது.

உள்ளே சீட்டு நீட்டிக்கும் ஜன்னலருகே குசுனோகி நின்றிருந்தாள். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை, கையில் இனிப்புக் கடைப் பை. அவள் அதிகாரியிடம் இடுப்பு மடியக் குனிந்துவிட்டுத் திரும்பினாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

ரோஜ்பின் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். தன் புருஷனுக்காகப் பேச டாக்டரம்மாவே வந்திருக்கிறாள் என்று அவளுக்கு ஆனந்தம்.

"என்ன சொன்னே அங்கே?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் சொல்லிட்டேன் அக்கா. பாலம் தாண்டிக் கூட்டிட்டுப் போனது நான்தான், தப்பு முழுக்க என்னோடதுன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரொம்பப் பொறுமையா கேட்டாங்க, தேதியெல்லாம் எழுதிக்கிட்டாங்க. இனிப்பு மட்டும் வாங்கக்கூடாதாம்."

இவளை என்ன செய்வது? அறைந்திருப்பேன். அதற்குள் ஷியாரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஜன்னலுக்கு இல்லை, பக்கத்துக் கதவுக்கு. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். போகாதே என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஓடினால் அதுவும் ஒரு குற்றமாகும். கதவு திறந்து மூடியது.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் சீட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஓர் இளம் அதிகாரி வெளியே வந்தார். நிபந்தனையை மீறியதால் ஷியாரை உள்ளே வைக்கிறோம், மாற்றுத்துணி கொண்டுவர முடியுமா என்று அவ்வளவு மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார். நான் அதை ரோஜ்பினுக்குச் சொன்னேன்.

அவள் அழவில்லை. குசுனோகியின் கையையும் விடவில்லை. "இவங்க அங்கே என்ன பேசினாங்க, அக்கா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆத்திரம் விடவில்லை. ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

ரோஜ்பின் தினமும் காலையில் அவன் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பாள், கட்டி வளர்ந்திருக்கிறதா என்று. விரல்களுக்கு அளவு பழகிவிட்டதாம். இப்போதும் அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

"உள்ள அவர் கழுத்தை யாரு தொட்டுப் பார்ப்பாங்கன்னு கேளுங்க."

கேட்டேன். குசுனோகி தனக்குத் தெரிந்த ஒன்றைத்தான் செய்யப் பார்த்தாள், இடுப்பு மடிந்து குனிய. ரோஜ்பின் விடவில்லை. இரண்டு கைகளையும் இறுகப் பிடித்து அவளை நிமிர்த்தி, பதில் வரும் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.