அளவெடுத்த காதடைப்பான்

உலகத்தில் பெரிய காரியம் செய்தவர்கள் எல்லாரும் முதலில் காது கொடுத்துக் கேட்டவர்கள்தான்.

இதைச் சொன்னவர் தகடு அடிக்கும் பட்டறையின் சூப்பர்வைசர். காலை ஷிப்ட் தொடங்குமுன் இதைப் பற்றி எல்லார் டீயும் ஆறிப்போகும்வரை பேசினார். நடுவில் கழிப்பறைக்குப் போகட்டுமா என்று கேட்டவனின் குரல் அவர் காதில் விழவில்லை. முதுகுக்குப் பின்னால் அவருக்கு 'மைக்' என்று பெயர்.

விஷயம் இதுதான். பிரஸ் மெஷின் போடும் சத்தத்தில் இனி யாரும் வெறுங்காதோடு நிற்கக் கூடாது என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். ஒன்று, தலைக்கு மேல் வளையம் போட்டு இரண்டு காதையும் கவ்விக்கொள்ளும் மஃப். இல்லையென்றால், அவரவர் காதுக்கு அச்சு எடுத்துச் செய்யும் அடைப்பான். அடைப்பான் சோதனையில் தேறாதவர்களுக்கு மஃப்தான்.

மைக்குக்கு மஃப் ஆகாது. அவர் தலையில் இருந்தது விக். மஃபைக் கழற்றும்போது விக்கும் கூடவே கிளம்பிவிடுவதை வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்து வியர்த்துப் போயிருந்தார். விக் சமாசாரம் மனைவிக்கும், அதே பட்டறையில் பிரஸ் ஓட்டும் அவள் தம்பிக்கும் மட்டும்தான் தெரியும்.

"மஃபே போட்டுக்கங்க மாமா. உங்க தலைக்கு எடுப்பா இருக்கும்," என்றான் மச்சான்.

"உன் வேலையைப் பாரு."

அச்சு எடுக்க வந்த பெண் சாப்பாட்டு அறை மேஜையில் சாம்பிள்களைப் பரப்பியிருந்தார். மைக் ஒவ்வொன்றையும் வைரம் வாங்குகிறவர் போல ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது முழுசா அடைக்கும் சார். இதுல சின்ன வடிகட்டி இருக்கு, மெஷின் சத்தத்தைக் குறைச்சுப் பேச்சை உள்ளே விடும். உங்களுக்கு எது?"

"நான் பேசுறது மத்தவங்களுக்குக் கேக்கணும். அதுக்கு எது நல்லது?"

"அது அவங்க காதுல போடுறது சார்."

கடைசியில் தங்க நிறத்தில் ஒரு ஜோடி. அதில் 'தலைமை மேற்பார்வையாளர்' என்று பொறிக்க வேண்டும் என்றார்.

"சுண்டுவிரல் நுனி அளவுதான் சார் இடம். 'தலை' வரைக்கும் வரும்."

"தலைப் பேச்சே வேணாம் மேடம்," என்றான் வரிசையில் நின்ற மச்சான்.

மைக்கின் இரண்டு காதிலும் சின்னப் பஞ்சை வைத்து, அச்சுப் பசையைப் பிழியுமுன் அந்தப் பெண் தெளிவாகச் சொன்னார்: "இது இறுகற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க. தாடை அசைஞ்சா காதுக்குள்ள வடிவமே மாறிடும்."

"தாராளமா," என்றார் மைக்.

பசை உள்ளே போனது. பட்டறை இரைச்சல் அடங்கி, அவர் குரல் அவருக்கே கணீரென்று கேட்டது. வாழ்நாளில் இப்படி ஒரு குரலை அவர் கேட்டதில்லை. உடனே மௌனத்தின் மகிமை பற்றித் தொடங்கினார். அந்தப் பெண் "பேசாதீங்க சார்" என்றது கேட்கவில்லை. உதட்டில் விரல் வைத்துக் காட்டியதை, தன் பேச்சில் மெய்மறந்து நிற்கிறார் என்று எடுத்துக்கொண்டார். பசை இறுகிய வேளையில் மைக் 'ஆகவே' என்ற சொல்லின் முதல் எழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"பேசிட்டீங்களே சார், திரும்ப எடுத்துடலாமா?"

"என் தாடை மேடையில பழகின தாடைம்மா. ஒண்ணும் ஆகாது."

அடைப்பான்கள் வந்த அன்று முதலாளி முன்னிலையில் சோதனை. காதில் மாட்டிய அடைப்பானில் ஒரு குழாயைச் செருகி லேசாகக் காற்றடிப்பார்கள். மீட்டரின் முள் ஏறி நின்றால் இடைவெளி இல்லை, இறங்கினால் கசிகிறது. மச்சான் உட்பட எல்லாருக்கும் நின்றது. மைக்குக்கு முள் ஏறியதும் சரிந்தது.

முதலாளி ஆணியில் தொங்கிய மஃபை எடுத்தார். மைக்கின் கை தானாக நெற்றிக்குப் போனது. "ஆனா சார்..." என்று வாயைத் திறந்தார். முள் ஏறி நின்றது. மூடினார். சரிந்தது.

"வாய் திறந்திருந்தாதான் பொருந்துது," என்றார் அந்தப் பெண். "புது அச்சு எடுக்கலாம். அது வர்ற வரைக்கும் மஃப் போட்டுக்கங்க."

மைக் வேண்டாம் என்றார். வாயை மூடாமலே சொன்னதால் அது 'ஏ... ஆ...' என்றுதான் வந்தது.

"தேறினா சரி," என்று முதலாளி மஃபைத் திரும்ப மாட்டினார். "ஆனா உள்ளே நிக்கிறப்ப வாயை மூடவே கூடாது."

பேசுவதென்றால் உதட்டை மூடித் திறக்காமல் முடியாது. அதனால் காலை ஷிப்ட் இப்போது நேரத்துக்குத் தொடங்குகிறது, டீயும் சூடாக உள்ளே போகிறது. மச்சான் மதிய இடைவேளையில் அக்காவுக்குப் போன் போட்டு, "மாமா இப்பல்லாம் யார் என்ன சொன்னாலும் அப்படியே நின்னு கேக்குறாருக்கா," என்றான்.

செவ்வாய்க்கிழமை ஒரு ஈ உள்ளே போனது.