இடது கை வில்லுக்கு ஒரு பட்டறை

ஸ்பேனர் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ஸ்பேனர் என்பது லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்கு வைத்த பட்டப்பெயர். பிறகு மாமனார் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. அவன் மனைவி பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் குனிந்தே இருந்து கழுத்து பிடித்துக்கொள்கிறது என்று, பக்கத்திலிருந்த வில்வித்தை மைதானத்தில் சேர்ந்திருந்தாள். அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்னாச்சு?"

"எனக்கு இடது கைப் பழக்கம் இல்லையா? அங்க இருக்கிற வில்லு எல்லாம் வலது கைக்காரங்களுக்குச் செஞ்சது. பிடியும் அப்படி, அம்பு வைக்கிற மேடையும் அப்படி. கோச் தேடித் தேடிப் பாத்துட்டு, 'நீங்க வலது கைக்கு மாறிக்குங்களேன்'ங்கிறாரு. கையென்ன செருப்பா, மாத்திப் போட்டுக்க?"

"இவ்வளவுதானா? நானே ஒரு மர வில்லு செஞ்சு தர்றேன்."

சொல்லி முடித்த பிறகுதான், தான் ஆயுளில் ஒரு முக்காலிகூடச் செய்ததில்லை என்பது அவனுக்கு நினைவு வந்தது. அதற்குள் அவள் முகம் மலர்ந்துவிட்டது. இனி பின்வாங்க வழியில்லை.

மரச்சாமான் கடையில் வேலை பார்க்கும் மச்சினன், அக்காவுக்கென்று நல்ல பலகையாக இரண்டு கொண்டுவந்து போட்டான். ரேகை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நூல் பிடித்தாற்போல ஓடியது. ஸ்பேனர் அவற்றைத் தடவிப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் சாய்த்து வைத்தான்.

"செதுக்கும்போது பலகை ஆடக் கூடாது. முதல்ல அதைப் பிடிச்சுக்க ஒண்ணு வேணும்" என்றான்.

அப்படித்தான் மரக்குதிரை பிறந்தது. யாரோ கழித்துப் போட்ட கட்டிலின் கால்களும் ஒரு பழைய நிலைச் சட்டமும் சேர்ந்து, வீட்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ஒரு நீளப் பெஞ்சாக எழுந்து நின்றன. அதன்மேல் இரண்டு பக்கமும் காலைப் போட்டு உட்கார்ந்து, அடியிலுள்ள மிதியை மிதித்தால், மேலேயுள்ள மரத்தலை குனிந்து பலகையைக் கவ்விக்கொள்ளும். காலை எடுத்தால் விட்டுவிடும். ஸ்பேனர் அன்று சாயங்காலம் முழுக்க மிதிப்பதும் விடுவதுமாக இருந்தான். கவ்வுவதற்குத்தான் எதுவும் வைக்கவில்லை.

அடுத்து சுரண்டி வேண்டுமே! உடைந்த ரம்பத்தின் தகட்டை வெட்டி, ஓரத்தைத் தீட்டி, வளைவாக ஒன்று, நேராக ஒன்று என்று செய்தான். சுரண்டிகளை மாட்ட ஒரு சட்டம் செய்தான். நாண் முறுக்குவதற்கு ஆணி அடித்த பலகை ஒன்று செய்தான். கோணிக்கொண்ட மரத்தை ஆவியில் வேகவைத்து நிமிர்த்தலாம் என்று கேள்விப்பட்டு, சாக்கடைக் குழாய்த் துண்டின் ஒரு முனையில் தண்ணீர் கொதிக்கும் கெட்டிலைப் பொருத்தினான். கெட்டில் சமையலறைக்குத் திரும்பி வரவேயில்லை. துணி காயப்போடும் கொடி கொட்டகையிலிருந்து குளியலறைக்குக் குடிபெயர்ந்தது.

எல்லாவற்றுக்கும் சிகரம் வைத்தாற்போல வந்தது வளைவுச் சட்டம். சுவரை ஒட்டி ஓர் உத்தரத்தை நிறுத்தி, வில்லைப் படுக்கவைக்க அதன் உச்சியில் ஒரு குழி வெட்டினான். கீழே, கம்பெனியில் கேட்டு வாங்கிவந்த பழைய லிஃப்ட் கதவுக் கப்பி. நாணில் கயிற்றைக் கட்டி, கப்பி வழியாகக் கொண்டுவந்து, எட்ட நின்று இழுத்தால், வில் எப்படி வளைகிறது என்று கண்ணெதிரே பார்க்கலாம். பின்னால் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டான். பெட்டி எடை பார்க்கிற தொங்கு தராசையும் கயிற்றில் கோத்தான். கப்பி சத்தமே இல்லாமல் ஓடியது. ஸ்பேனருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மூன்று மாதம் ஆகியிருந்தது. மச்சினன் வந்தான்.

"மச்சான், வில்லு எங்க?"

"வா, வா, காட்டுறேன்." கொட்டகைக்கு இழுத்துப்போய் ஒவ்வொன்றாக விளக்க ஆரம்பித்தான். மச்சினன் குதிரையேறி மிதித்தான், கப்பியைச் சுற்றினான், தராசில் தொங்கினான்.

"எல்லாம் பிரமாதம் மச்சான். கல்யாண மண்டபம் ரெடி, பந்தல் ரெடி. பொண்ணுதான் இன்னும் பிறக்கலை போலிருக்கு."

வாசலில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. "பலகை மேல ஒரு பென்சில் கோடாவது போட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

ஸ்பேனரின் முகம் சுண்டிப்போயிற்று. கோடு போடவில்லைதான். சோம்பல் என்று யாராவது திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பான். விஷயம் வேறு. கருவி கோணலாக வந்தால் பிரித்து மறுபடி மாட்டலாம். மரத்தில் சீவியதை எந்த மகராசனாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது. போதாததற்கு, அவன் தொழிலில் எதுவும் வளையக் கூடாது. லிஃப்ட் ஏறி இறங்கும் தண்டவாளம் வளைந்தால் வேலையை நிறுத்திவிட்டு ஓட வேண்டும். வேண்டுமென்றே ஒன்றை வளைப்பதற்காகவே செய்வது என்று நினைத்தாலே அவன் கை பலகைப் பக்கம் போகவில்லை. இதை மனைவியிடம் சொல்ல வெட்கம். "ஒரு கிளாம்ப் பாக்கி இருக்கு, அது முடியட்டும்" என்று மழுப்பினான்.

அந்த வாரமே வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டதென்று கம்பெனி அவனை அனுப்பியது. வேலை இரண்டு மூன்று நாள் இழுத்தது. திரும்பி வந்து கொட்டகைக் கதவைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

மனைவி குதிரைமேல் உட்கார்ந்திருந்தாள். கணுக்கால்வரை சுருள் சுருளாக மரச்சீவல். முடியில் தூள், மூக்கில் தூள். குதிரையின் வாயில் ஒரு பலகை. இல்லை, பலகை இல்லை. நடுவில் தடித்து, இரு முனைக்கும் மெலிந்து போகிற ஒன்று. மச்சினன் ஓரமாக உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான்.

"வாங்க" என்றாள் மனைவி, கையை நிறுத்தாமல். "உங்க குதிரை நல்ல குதிரை. ஆனா மிதிக்கு என் கால் எட்டலை. செங்கல் வெச்சுக் கட்டியிருக்கேன்."

கோபம் வர வேண்டும் என்று ஸ்பேனர் ஒரு கணம் காத்துப் பார்த்தான். வரவில்லை. அவன் குதிரை ஏதோ ஒன்றைக் கவ்விக்கொண்டிருப்பதை முதன்முதலாகப் பார்க்கிறான். பையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை.

"அதென்ன கையில? நான் செஞ்ச சுரண்டி இல்லையே?"

"மெழுகு செதுக்கிற கத்தி. வேலை இடத்துல கழிச்சது. உங்க சுரண்டி மரத்தைக் கடிக்குது."

"கடிக்குதா? எங்க கடிக்குது?"

அவ்வளவுதான். சட்டைகூட மாற்றாமல் தீட்டுக்கல்லோடு உட்கார்ந்துவிட்டான். மச்சினன் பிஸ்கட் பாக்கெட்டை மடித்துவிட்டு, "இனி நான் இருந்தா சிவபூஜையில கரடி" என்று எழுந்துபோனான்.

வில் சட்டத்தில் ஏறியது. ஸ்பேனர் கயிற்றைப் பிடித்தான். மனைவி எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்று, ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். மேல்வரிசையில் இடப்பக்கப் பல்லுக்கும் வலப்பக்கப் பல்லுக்கும் ஒப்புப் பார்த்தே பழகிய கண்.

"கொஞ்சம் இழுங்க. போதும். இடது பக்கக் கை தூங்குது."

வில்லின் இரண்டு கையும் ஒன்றுபோல வளைய வேண்டும். சரியாக வளையாமல் தூங்குகிற கையை எழுப்ப, அதன் உட்பக்கத்தை இன்னும் கொஞ்சம் சுரண்ட வேண்டும். கழற்றிச் சுரண்டினார்கள். ஏற்றி இழுத்தார்கள். இப்போது வலது கை தூங்கியது. கழற்றினார்கள், ஏற்றினார்கள். இப்படியே விடுமுறை நாள்கள் போனது தெரியவில்லை. கட்டம் கட்டமாக நாண் கீழே இறங்கியது. இரண்டு கையும் ஒரே சாயலில் குனிந்த அன்று, மனைவி கைதட்டினாள்.

"இன்னிக்கு இது போதும். அடுத்த வாரம் இன்னொரு கட்டம் இறக்கலாம்."

ஸ்பேனருக்குக் கை சும்மா இருக்குமா? புதிதாக மாட்டிய லிஃப்டை அது தூக்க வேண்டிய பாரத்தைவிட அதிகமாக ஏற்றித்தான் சோதிப்பார்கள். அந்தப் புத்தி. "தாங்குமான்னு பாக்க வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே ஒரு சாண் கூடுதலாக இழுத்தான்.

டமார்!

வில்லின் ஒரு பாதி கூரைத் தகரத்தில் மோதி இறங்கியது. மறு பாதி நாணில் தொங்கி ஆடியது. மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மா கையில் கரண்டியோடு ஓடிவந்தார்.

"சிலிண்டரா? சிலிண்டரா வெடிச்சது?"

"இல்லம்மா. வில்லு" என்றான் ஸ்பேனர் ஈனக்குரலில்.

"வில்லா? வில்லு எதுக்குப்பா வெடிக்குது?"

அந்த அம்மா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாடியேறினார். மனைவி உடைந்த துண்டை எடுத்து, முறிந்த இடத்தை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது ஸ்பேனர் மெல்ல வாயைத் திறந்தான்.

"நான்தான் இழுத்தேன்."

"தெரியும். கயிறு உங்க கையிலதானே இருந்துச்சு."

"போதும்னு நீ சொன்னே."

"சொன்னேன்."

தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவன், மூன்று மாதமாக அடைத்துவைத்திருந்ததைக் கொட்டிவிட்டான். "எனக்குப் பயம். அதான் கருவியாச் செஞ்சுக்கிட்டே போனேன். மரத்துல கை வெச்சா கெடுத்துடுவேன்னு பயம். கை வெக்காமலே கெடுத்துட்டேன் பாரு."

அவள் சாப்பிடுவதை நிறுத்தினாள். உதடு கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தான். அவள் சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்தாள், முடியவில்லை, புரை ஏறியது. "கரண்டியோட ஓடி வந்தாங்களே, சிலிண்டர்னு... உங்க மூஞ்சியைப் பாக்கணுமே!" அவன் அசடு வழிந்துகொண்டே தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொன்னாள்: "இன்னொரு பலகை இருக்குல்ல. இந்தத் தடவை சுரண்டறது நீங்க, கயிறு என்கிட்ட."

முதல் சீவலை எடுக்க ஸ்பேனருக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. குதிரைமேல் உட்காருவான், எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பான், மறுபடி உட்காருவான். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டாற்போல ஓர் இழுப்பு இழுத்தான். மெல்லிய சுருள் ஒன்று எழும்பி அவன் மணிக்கட்டில் விழுந்தது. அதை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். அதன்பிறகு எவ்வளவு கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

நடுவே வளைவுச் சட்டத்துக்கு ஒரு புது வேலையும் செய்தான். உத்தரத்தில் வரிசையாகத் துளை போட்டு ஒரு முளையைச் செருகினான். நாண் அந்த முளைவரைதான் இறங்கும். அதற்குமேல் யார் இழுத்தாலும், எவ்வளவு ஆசைப்பட்டு இழுத்தாலும், நின்றுவிடும். லிஃப்ட் குழியின் அடியில் வைக்கிற தடுப்பைப் போல.

"இது யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?" என்றாள் மனைவி.

"எனக்குத்தான். நான் கயிறு பக்கம் வராம இருப்பேன்னு உனக்கு நம்பிக்கை இருக்கா?"

இல்லை என்று அவள் தலையாட்டிய வேகத்தைப் பார்த்து இருவரும் சிரித்தார்கள். வில்லின் இரு கையும் நன்றாகக் குனியும்போதெல்லாம் முளை ஒரு துளை கீழே இறங்கியது. கயிற்றை இழுத்தது அவள், தூங்குகிற கையைச் சொன்னது அவள், எழுப்பியது அவன். அவ்வப்போது மாடியிலிருந்து, "இன்னிக்கு வெடிக்குமா? முன்னாலயே சொல்லிடுங்க, அடுப்புல பால் இருக்கு" என்று குரல் வரும். ஒருநாள் அந்த அம்மாவே இறங்கிவந்து, "நானும் ஒரு இழுப்பு இழுக்கட்டுமா?" என்று கேட்டார். முளை காவல் இருந்ததால் தைரியமாகக் கயிற்றைக் கொடுத்தார்கள்.

மைதானத்துக்கு எடுத்துப் போன அன்று வெயில் இதமாக இருந்தது. மனைவி வலது கையில் வில்லைப் பிடித்து, இடது கையால் நாணை இழுத்தாள். முதல் அம்பு இலக்குப் பலகையின் காலடியில் மண்ணைக் குத்தியது. இரண்டாவது அடுத்தவர் பலகையில் போய் நின்றது. "அங்கயும் நல்லாத்தானே இருக்கு" என்றாள். மூன்றாவது அவள் பலகையில், மஞ்சள் வட்டத்துக்கு வெளியே சிவப்பில் 'தக்' என்று ஏறியது. சத்தம் கேட்டுக் கோச் திரும்பிப் பார்த்தார். வந்து வில்லை வாங்கி, உருட்டிப் பார்த்தார், நாணை விரலால் சுண்டினார்.

"எந்தக் கடையில வாங்கினீங்க?"

"வீட்டுல செஞ்சோம்."

கூட்டம் கூடிவிட்டது. என்ன மரம், எத்தனை பவுண்டு இழுவை, வழுவழுப்புக்கு என்ன பூசினீர்கள் என்று கேள்விகள். மரக்குதிரையைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை கேட்கமாட்டார்களா என்று ஸ்பேனர் ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவரும் கேட்கவில்லை. சொல்லாமல் விட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்ததால், பக்கத்தில் அம்பு பொறுக்கிக்கொண்டிருந்த மைதானக் காவலாளியைப் பிடித்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பித்தான். அவர் பாவம், கேட்டுக்கொண்டார்.

கூட்டம் கலைந்ததும் மனைவி வில்லை அவனிடம் நீட்டினாள். "நீங்க ஒண்ணு விட்டுப் பாருங்க."

"உன் வில்லு உன் கைக்குச் செஞ்சது. எனக்குப் பழக்கமும் இல்லை."

"அதனால என்ன? பிடிங்க."

அம்பைத் தப்பும் தவறுமாகப் பொருத்தி, அவள் காட்டியபடி நாணை இழுத்தான். கயிறு இல்லை, கப்பி இல்லை, தராசு இல்லை. வில்லின் இரண்டு கையும் சேர்ந்து குனிவதை உள்ளங்கையும் தோளும் சொன்னன. உயிருள்ள ஏதோ ஒன்று திமிராமல் இசைந்து கொடுப்பதைப் போலிருந்தது. கன்னம்வரை வந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றான்.

"விடுங்க!" என்று சிரித்தாள் மனைவி.

விட்டான். அம்பு இலக்கைப் பொருட்படுத்தாமல், அதற்குப் பின்னாலிருந்த மண்மேட்டையும் தாண்டி, வேலியோரப் புல்லுக்குள் போய் மறைந்தது. "நான் எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டு, யாரும் தடுப்பதற்குள், பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைபோல ஸ்பேனர் புல்லை நோக்கி ஓடினான்.