வெட்டவெளிக்கு ஒரு ஆம்ப்

கடையில், கிடார் சத்தத்தைப் பெருக்குகிற ஸ்பீக்கர் பெட்டியான பெரிய ஆம்ப்பைத் தூக்கிப் பார்த்தேன். தரையை விட்டு எழுந்தது, அவ்வளவுதான். வாசல்வரை கொண்டுபோக முடியவில்லை. கடைக்காரர் கல்லாவை விட்டு எழாமலே சொன்னார்: "ரெண்டு பேர் பிடிக்கிற சாமான்மா அது. பக்கத்துக்கு ஒரு கைப்பிடி சும்மாவா வெச்சிருக்கான்?"

நான் பேஸ் கிடார் வாசிக்கிறவள். எங்கள் பேண்டில் நான்கு பேர். பாடுவது வாத்தி, டியூஷன் சென்டரில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவர், பேண்டும் அவருடையதுதான். ட்ரம்ஸ் அடிப்பவன் தகரம், கிடார் வாசிப்பவன் ஆணி, எல்லாம் பட்டப்பெயர்தான். எங்களுக்கு மேடை கிடையாது, சவுண்ட் சிஸ்டமும் கிடையாது. பூங்கா, சந்தை முனை, பஸ் நிற்கும் திடல் என்று கூட்டம் இருக்கும் இடத்தில் வாசிப்போம். எல்லோர் சத்தத்தையும் சேர்த்து வெளியே தள்ள ஆள் இல்லாததால் அவரவர் சத்தத்தை அவரவர்தான் தள்ள வேண்டும்.

அவரவர் சாமானையும் அவரவர்தான் தூக்க வேண்டும். இது வாத்தி போட்ட சட்டம். நான் சேர்வதற்கு முன்னால் ஆணியின் கிடாரைத் தகரம் தூக்கிப்போய் அதன் கழுத்தை முறித்துவிட்டானாம். அந்தச் சண்டையில் பேண்டே கலைந்து, திரும்பக் கூடியபோது பிறந்த சட்டம். ஒருத்தர் சாமானில் இன்னொருத்தர் கைபடக் கூடாது.

ட்ரம்ஸை அடித்தால் கேட்கும். வாத்திக்குத் தொண்டையும் ஒரு சின்ன ஸ்பீக்கரும் போதும். பேஸ்தான் வெட்டவெளியில் செத்துப்போகும். அந்தக் கீழ்ச் சத்தத்துக்கு முட்டித் திரும்ப ஒரு சுவர் வேண்டும், ஒரு கூரை வேண்டும். அறையில் நெஞ்சைக் குலுக்குகிற ஆம்ப்பைத் திடலில் கொண்டுபோய் வைத்தால் பூனை உறுமுகிற மாதிரி இருக்கும். அங்கே அது நிற்க வேண்டுமென்றால் அகலமான ஸ்பீக்கர் வேண்டும். அகலம் என்றால் கனம். நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள், இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, தூக்க முடியவில்லையே.

கடையிலிருந்தே வாத்திக்குப் போன் போட்டேன்.

"அண்ணா, பெருசுதான் வேணும். சின்னது ஏரிக்கரைத் திடல்ல நிக்காது. யாராவது ஒரு பக்கம் பிடிச்சா பஸ்ல ஏத்திடலாம்."

"ஒருத்தருக்குப் பிடிச்சா எல்லாருக்கும் பிடிக்கணும்மா. தகரம் தனியாத்தானே தூக்குறான்?"

"அவன் துண்டு துண்டா கழட்டித் தூக்குறான். இதைக் கழட்ட முடியாதுண்ணா."

"நீ இன்ஜினியர். உனக்கா வழி தெரியாது? சின்னதுலயே நல்லதா ஒண்ணு பாரு."

எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். வீட்டில் மிக்ஸி நின்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள், அடுத்த வீட்டு டிவி நின்றாலும் என்னைத்தான் பார்ப்பார்கள். ஒருத்தி பட்டம் வாங்கிவிட்டால் மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம் போல. அந்தப் பட்டத்துக்குக் கிடைத்த வேலை, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஊரார் வசவை வாங்குவது. யார் வீட்டில் நெட் வராவிட்டாலும் நான்தான் திருடி.

அதிலிருந்து வெளியேற ஒரு கதவு திறந்திருந்தது. சுற்றுலாக் கப்பல்களுக்கு பேண்டு பிடிக்கிற ஏஜென்ட் ஒருவர் ஏரிக்கரைத் திடலுக்கு வந்து எங்களைக் கேட்கப் போகிறார். பிடித்துப்போனால் ஒரு வருஷம் கப்பலில் வேலை. சம்பளம், சாப்பாடு, படுக்கை, சவுண்ட் சிஸ்டம், எல்லாம் அங்கே உண்டு. அங்கே போக, அது எதுவுமில்லாத இடத்தில் ஒரு சாயங்காலம் நான் அவர் காதில் விழுந்தாக வேண்டும்.

கடைக்காரர் பேட்டரியில் ஓடுகிற சின்ன ஆம்ப்பைப் போட்டுக் கொடுத்தார். தடித்த கம்பியைத் தட்டினேன். அலமாரியெல்லாம் கிடுகிடுவென்று ஆடியது. அது ஆம்ப்பின் சத்தமில்லை, அந்தக் குறுகல் கடையின் சத்தம். தெரிந்தும் காது ஆசைப்பட்டது. வாசலில் ஸ்கூட்டரோடு நின்ற அக்கா எட்டிப்பார்த்தாள். தையல் கம்பெனியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். நாங்கள் வாசிக்கிற ஒவ்வொரு நாளும் ஆம்ப்பின் ஒரு பக்கம் பிடிக்க அவளுக்கு அப்படி லீவு கிடைக்காது.

"என் வயிறே கலங்குதுடி. இதையே எடு, கால் நடுவுல வெச்சிக்கலாம்."

எடுத்தேன். நேராக ஏரிக்கரைக்குப் போனோம். திடலின் ஓரத்தில் கழிப்பறைக் கட்டடம் ஒன்று இருந்தது. முதலில் திடலின் நடுவில் ஆம்ப்பை வைத்து, அக்காவிடம், "கேக்குற வரைக்கும் கையைத் தூக்கிட்டே நட" என்றேன். கொஞ்ச தூரத்திலேயே கை இறங்கிவிட்டது. பிறகு கழிப்பறைச் சுவர்கள் இரண்டு கூடுகிற உள்மூலையில் ஒட்டவைத்து வாசித்தேன். அக்கா தூக்கிய கையோடு திடலின் எதிர்ப்பக்க பெஞ்ச் வரை நடந்து, அங்கே நின்று ஒரு ஆட்டமும் போட்டாள். வாத்தியிடம் சொன்னேன். "அப்போ சுவர் ஓரமாவே நிப்போம், அதுக்கென்ன" என்றார்.

ஏஜென்ட் வந்த அன்று வாத்தி புதுச் சட்டையில் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்த ஏஜென்டைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது.

"கக்கூஸ் முன்னாடி நின்னு பாடினா நல்லாவா இருக்கும்? பின்னாடி தண்ணி தெரியணும். எல்லாரும் நடுவுக்கு வாங்க."

"அண்ணா, நடுவுல என்னோடது கேக்காது. சொன்னேன்ல?"

"சத்தத்தைக் கூட்டு."

"கூட்டினா சத்தம் உடையும். நீங்கல்லாம் கொஞ்சம் குறைச்சுக்குங்க."

"இன்னிக்குப் போய்க் குறைக்கிறதா? விளையாடுறியா?"

"இன்ஜினியரம்மா," என்றான் தகரம், "ஒரு சுவரைக் கண்டுபிடிச்சு எடுத்துட்டு வாங்களேன்." ஆணி குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தான். நிமிரவே இல்லை.

தொடங்கினோம். என் காலடியில் சத்தம் நன்றாகத்தான் இருந்தது. என் காலடியில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. குமிழைத் திருப்பினேன். ஸ்பீக்கர் கிழிந்த சாக்கு மாதிரி படபடத்தது. தகரம் சிரித்தான், நான் குறைத்துவிட்டேன். இரண்டாவது பாட்டில் மெல்லிய கம்பிகளுக்கு, மேல் சுரங்களுக்கு ஏறி வாசித்தேன். ஒரு நொடி கேட்டிருக்கும் போல, கூட்டத்தில் ஒரு தலை திரும்பியது. ஆனால் அங்கே ஆணியின் கிடாரோடு முட்டியது. பாடிக்கொண்டே வாத்தி முறைத்த முறைப்பில் பழைய இடத்துக்கே இறங்கினேன்.

பெஞ்சுக்குப் பின்னால் அக்கா நின்றாள். நான் பார்த்தேன். கை கீழேதான் கிடந்தது. நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள். மெதுவாகக் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. தூக்கிய கையோடு வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் வாசித்த மாதிரி என் வாழ்நாளில் வாசித்ததில்லை. விரல் தோல் உரிந்தது. ஒரு இடம் பிசகவில்லை. யாருக்கும் தெரியாது.

முடிந்ததும் ஏஜென்ட் எழுந்து வந்து வாத்தியின் கையைக் குலுக்கினார். "மூணு பேரும் பிரமாதம். அந்தப் பொண்ணு என்ன பண்ணுது?"

"பேஸ் சார்."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் விழலையே. பரவால்ல, கப்பல்ல கீபோர்டுக்கு ஒரு ஆள் இருக்கான், இடது கையால அதையும் பார்த்துக்குவான். நீங்க மூணு பேர் வந்தா போதும்."

நான் வாத்தியைப் பார்த்தேன். "நாலு பேர்னு சொல்லுங்கண்ணா." அவர் ஏஜென்டைப் பார்த்துத் தலையாட்டினார். ஏஜென்ட் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"முதல்ல நாங்க போய்க் காலூன்றிக்கறோம்மா. அப்புறம் உன்னை இழுத்துக்கறேன்."

"ஒரு பக்கம் பிடிக்க உங்க யாருக்கும் கை வரல. அதுக்குச் சட்டம்னீங்க. சுவர் ஓரமா நிப்போம்னு சொன்னீங்களே, அது என்ன?"

வாத்தி தன் ஸ்பீக்கரின் வயரைச் சுருட்டத் தொடங்கினார். தகரத்துக்குக்கூட அன்றைக்கு நக்கல் வரவில்லை. தலையைக் குனிந்தபடி ட்ரம்ஸைத் துண்டு துண்டாகக் கழற்றிக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற வாரம் வாத்தி எங்கள் வீட்டுக்கு வந்தார், போனைக் கையில் பிடித்தபடி.

"அந்தக் கீபோர்டுக்காரனுக்கு நம்ம பாட்டு எதுவும் தெரியாதாம். நீ வாசிச்சியானா பதிஞ்சு அனுப்பிடுவேன்."

அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள். "வெக்கமா இல்லையா சார் உங்களுக்கு?"

எனக்கும் கதவை அவர் முகத்தில் அறையத்தான் தோன்றியது. ஆனால் மூன்றாவது பாட்டில் பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் சுரத்திலிருந்து சுரத்துக்கு ஒரு நழுவல் இருக்கிறது, நான் கட்டியது. யாரோ ஒருத்தன் இடது கையால் அதை மொட்டையாகத் தட்டிவிட்டுப் போவது காதில் கேட்டது. அதுதான் பொறுக்கவில்லை. ஆம்ப்பை எடுத்துவைத்தேன்.

சின்ன அறை. தட்டுமுட்டெல்லாம் அதிர்ந்தன, ஜன்னல் கண்ணாடி முனகியது. வாத்தி கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்டார். எல்லாப் பாட்டையும் வாசித்து முடித்தேன். அவர் போனைத் தட்டிப் போட்டுப் பார்த்தார். கம்பியில் விரல் படுகிற டிக் டிக் மட்டும் வந்தது.

"சத்தமே விழலையேம்மா. இன்னொரு தடவை?"

பதிவில் எல்லாம் இருக்கும். அந்தத் துளி ஸ்பீக்கரில் பேஸ் வராது, ஹெட்போன் மாட்டினால் கேட்கும். அதைச் சொன்னால் அவர் போனை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவார், இன்னொரு தடவை கேட்கமாட்டார்.

முதல் பாட்டிலிருந்து ஆரம்பித்தேன்.