கிளச்சை மிதித்தால் ஒரு சாண்

மனைவியை முன் இருக்கையில் உட்கார வைத்துக்கொண்டு அந்த வாடகைக் கார் ஓட்டுநர் கிளச்சை மிதித்தால், கார் தரையை விட்டு ஒரு சாண் மேலே எழும்பும். காலை எடுத்தால் இறங்கிவிடும். மற்றபடி ஒரு குடும்பமே நெருக்கியடித்துக்கொண்டு ஏறினாலும் சக்கரம் தரையைப் பிரியாது.

முதல் தடவை அது நடந்தது, ஆஸ்பத்திரியிலிருந்து அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று. அவள் முதுகு உடைந்து படுத்ததற்குக் காரணமே அவன்தான். தூரத்துச் சவாரி முடிந்து இருவரும் திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணயர்ந்து மரத்தில் மோதினான். அவன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை, ஊர் வாய்க்கு அதுவே போதுமானதாக இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஆளை விழுங்குகிற மாதிரி ஒரு பள்ளம். அவள் பல்லைக் கடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கியரைக் குறைக்க அவன் கிளச்சை மிதித்தான். கார் பள்ளத்தின் மேலே மிதந்துபோய் அந்தப் பக்கம் பூப்போல இறங்கியது.

"பள்ளம் போயிடுச்சா?" என்றாள், கண்ணைத் திறக்காமல்.

"போயிடுச்சு."

அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதன் பிறகு வாரம் தவறாமல் உடற்பயிற்சி சிகிச்சைக்கு அவளைக் கூட்டிப்போனான். குண்டும் குழியும் வந்த இடமெல்லாம் கிளச்சை மிதித்து மிதந்தே கடந்தான். வலியில்லாமல் போய்வந்தாள். மீதி நாளெல்லாம் கட்டிலில் கிடந்தாள். சாயங்காலம் அவன் திரும்பியதும், இன்றைக்கு யார் யார் ஏறினார்கள், என்ன பேசினார்கள் என்று கேட்பாள். அவனுக்கோ வாயில் கொழுக்கட்டை. "ஏறினாங்க, இறங்கினாங்க" என்பான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

சில வருடங்களில் கிளச் நழுவத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஏறும் மேட்டில் என்ஜின் தொண்டை கிழியக் கத்தும், வண்டி மட்டும் நத்தையாக நகரும், கருகிய வாடை மூக்கைத் துளைக்கும். ஒரு மெக்கானிக் கைபிரேக்கைப் போட்டு, மூன்றாவது கியரில் தள்ளி, கிளச்சை விட்டுப் பார்த்தார். என்ஜின் சட்டென்று அணைந்தது. பிடிமானம் இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார். இன்னொருவர் கிளச் பிளேட்டையே புதிதாக மாற்றினார். அடுத்த வாரமே மேட்டில் பழைய குருடி கதவைத் திறடி. அந்த முறை வண்டி பின்னால் வந்த பஸ்ஸை நோக்கி உருண்டது. கைபிரேக் கடைசி நேரத்தில் பிடித்தது. அவள் கத்தவில்லை; அவன் மணிக்கட்டைப் பிடித்தாள், அவ்வளவுதான். நகம் பதிந்த இடத்தை அவன் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கிளச் விஷயத்தில் கைதேர்ந்தவன் அவள் தம்பி. ஆனால் விபத்தன்று ஆஸ்பத்திரி வாசலில் "தூங்குறதுக்கு உங்களுக்கு வேற எடமே கெடைக்கலயா?" என்று கேட்டவன், அதற்குப் பிறகு மாமனுடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. வாசலில் கார் நிற்காத நேரமாகப் பார்த்துத்தான் அக்காவை வந்து பார்ப்பான். மறுநாள் காலை ஓட்டுநர் அவன் பட்டறையில் போய் நின்றான். தம்பி நிமிரவில்லை, கையைத் துடைத்துக்கொண்டே வண்டியைப் பார்த்துக் கேட்டான்.

"எப்ப நழுவுது?"

"உங்க அக்கா இருக்கும்போது மட்டும்தான், மாப்ள."

"அப்ப வண்டிய மட்டும் கொண்டாந்தா எப்பிடி? அவளக் கூட்டிட்டு வாங்க."

கூட்டி வந்தான். வண்டிக்கு அடியில் இருந்த பட்டறைக் குழிக்குள் தம்பி டார்ச்சோடு இறங்கி, "மிதிங்க" என்றான். நாலு சக்கரமும் தரையைப் பிரிந்து அவன் தலைக்கு மேலே நின்றன. அவன் டார்ச்சை அணைக்காமல் பார்த்தான். "விடுங்க." சக்கரங்கள் தரையைத் தொட்டன. ஆனால் காரின் உடல் முழுசாக இறங்கவில்லை. இத்தனை வருடம் மிதந்து மிதந்து அதற்கு மேலேயே பழகிவிட்டிருந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் கனம் தாங்காமல் இறங்கிவிட்டன. பெடலிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கிளச் கேபிள் இடையில் நாலு விரல் அளவு இழுபட்டு வீணைக் கம்பியாக விறைத்து நின்றது.

"கால எடுத்தாலும் கிளச் பாதி மிதிச்ச மாதிரியே நிக்குது. பிளேட் எப்பிடிப் பிடிக்கும்?" என்றது குழியிலிருந்து குரல். பிறகு, "சின்னப் பிள்ளையிலயே இவ நடந்தா சத்தம் கேக்காது, மாமா."

மாமா என்ற சொல்லைக் கேட்டு அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓட்டுநர் தேவையே இல்லாமல் கண்ணாடியைத் துடைத்தான்.

தம்பி நாலு விரல் கூடுதல் நீளமுள்ள கேபிள் போட்டு, அக்கா உட்கார்ந்திருக்கும்போதே பெடலில் கொஞ்சம் தளர்வு வைத்து நட்டை முறுக்கினான். மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். வாடையில்லை, கத்தலில்லை. ஆனால் அவளை இறக்கிவிட்டால் காரின் உடல் பழையபடி இறங்கி கேபிள் தொளதொளத்துவிடும். முழுக்க மிதித்தாலும் கிளச் பிரியாமல் கியர் கரகரக்கும்.

"ரெண்டுக்கும் சேத்து வைக்க முடியாது. ஒண்ணு அவளுக்கு வைக்கணும், இல்ல சவாரிக்கு வைக்கணும்" என்றான் தம்பி.

ஓட்டுநர் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள். "எனக்கே வெச்சிரு. சவாரிக்கும் நான் போறேன்."

"நாள் பூரா உக்காருவியாக்கா?"

"நாள் பூரா படுத்துப் பாத்தாச்சுல்ல."

அன்றிலிருந்து அவள் முன் இருக்கையில், சவாரி செய்பவர்கள் பின்னால். ஏறியவர்களின் கதையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டாள். எந்த வக்கீலுக்கு ரத்தக்கொதிப்பு, எந்த டீச்சர் வேலையை விடப்போகிறாள் என்று வீட்டில் அவளே அவனுக்குச் சொன்னாள். குடிநீர்க் குழாய்க்காகத் தெருவையே தோண்டிப்போட்ட வருடம் வேறு எந்த வாடகைக் காரும் அந்தப் பக்கம் வரவில்லை. இவர்களுக்குச் சாப்பிட நேரமில்லை. தம்பி மாதம் ஒருமுறை வந்து நட்டைச் சரிபார்த்து, சாப்பிட்டுவிட்டுப் போனான்.

காருக்குத் தகுதிச் சான்று வாங்கப் போனபோது அதிகாரி கிளச்சை மிதிக்கச் சொன்னார். கார் எழும்பியது. அவர் குனிந்து டயருக்கும் தரைக்கும் நடுவில் கையை விட்டுப் பார்த்தார், நிமிர்ந்து அந்த அம்மாளைப் பார்த்தார். அவள் வணக்கம் சொன்னாள். ஹாரனை அடிக்கச் சொன்னார். அடித்தது. பின்விளக்கைப் போடச் சொன்னார். எரிந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டார்.