பதினேழாம் எண் இலை

காட்டு உருளைக்கிழங்கு என்று எழுதி அனுப்பிய இலை சந்தை உருளையாகத் திரும்பி வந்திருந்தது.

கோவையில் ஓர் ஆராய்ச்சி நிலையம். அதன் உருளைப் பிரிவுக்குத் தலைவர் டாக்டர் கிருபாசங்கர். தென் அமெரிக்க மலைகளில் பிறந்த ஒரு காட்டு உருளையின் மரபணுத் தொகுதியை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்துவிட வேண்டும் என்பது அவர் திட்டம். அந்தக் காட்டு இனத்துக்குக் குரோமோசோம்கள் இரண்டிரண்டாக இருக்கும். நாம் போண்டாவுக்குள் வைக்கும் சந்தை உருளைக்கு நான்கு நான்காக இருக்கும். வெளியூர் ஆய்வகத்துக்குப் பதினேழாம் எண் குழாயில் போன இலைக்கு நான்கு நான்காக வந்திருந்தது. கணினியில் அதைக் கண்டுபிடித்தவள் ஆராய்ச்சி மாணவி ஷைமா. கெட்ட செய்தியைச் சுற்றி வளைத்துச் சொல்ல அவளுக்கு வராது.

"சார், இத்தனை நாளா நாம போண்டாவைத்தான் படிச்சிட்டு இருந்திருக்கோம்" என்றாள்.

கிருபாசங்கர் யோசிக்கவே இல்லை. சீட்டு மாறியிருக்கும் என்றார். குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுவது பசுமைக்குடிலில் வேலை செய்யும் சின்னாத்தாள். ஒப்பந்த வேலை. யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று திங்கட்கிழமை குழு கூடி முடிவு செய்யும். "மாதிரி சேகரிப்பில் பிழை ஏற்பட்டது" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும், சின்னாத்தாளின் வேலை போய்விடும். அவர் அந்த வரியை எழுதியும் வைத்துவிட்டார்.

விஷயம் சின்னாத்தாள் காதுக்குப் போனது. அவள் அழவும் இல்லை, சண்டைக்கு வரவும் இல்லை. சிங்காநல்லூரிலிருந்து வழக்கமான பஸ்ஸில் வந்து தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, வெள்ளிக்கிழமை லீவு கேட்டாள். எதற்கு என்றார் கிருபாசங்கர்.

"ஆனைமலைக்குங்க சார். மாசாணியம்மனுக்கு மொளகா அரைச்சுப் பூசிப்போட்டு வாரேன். மாத்துனது நானா இருந்தா எனக்கே எரியட்டுமுங்க. வேற யாராச்சுமா இருந்தா அவிங்களுக்கு எரியட்டும்."

கிருபாசங்கர் இதைக் கேன்டீனில் நகைச்சுவையாகச் சொன்னார். மிளகாயும் உருளையும் ஒரே குடும்பம். உருளை செய்த குற்றத்துக்கு அதன் பங்காளியைப் போட்டு அரைக்கப் போகிறாள் என்றார். யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. அன்று மாலையே ஆய்வக உதவியாளர் பாலுசாமி ஷைமாவிடம் வந்து, மாதிரிகள் வைக்கும் குளிர்பெட்டியில் சில நாள் தன் தயிர்சாதமும் இருந்தது என்று ஒப்புக்கொண்டார். டிரைவர் கண்ணையா, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தியதைச் சொல்லிவிட்டுப் போனார். இரண்டுக்கும் பதினேழாம் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை.

புதன்கிழமை கிருபாசங்கருக்கு நெஞ்சு எரிந்தது. மதியம் சாப்பிட்ட காரக்குழம்புதான் என்று முடிவு கட்டினார். ஆனால் ஒப்பிட்டுப் பார்ப்பது அவர் தொழிலாயிற்றே. அதே குழம்பைச் சாப்பிட்ட மனைவி சுகமாகத்தான் இருந்தாள்.

அவருக்கு இலை பறித்த அந்த நாள் மறந்திருக்கவில்லை. நினைக்காமல் இருந்தார், அவ்வளவுதான். டெல்லியிலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். இலை பறிப்பதைப் படம் எடுக்கவேண்டும் என்றார்கள். காட்டு உருளை ஏதோ சோகை பிடித்த செடி மாதிரி நின்றது. பக்கத்துத் தொட்டியில், ஒப்பீட்டுக்கு வைத்த சந்தை உருளை தளதளவென்று இருந்தது. கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி அதிலிருந்து ஓர் இலையைப் பறித்து, கையிலிருந்த பதினேழாம் எண் குழாயில் போட்டு மூடினார். சின்னாத்தாள் அப்போது அதிகாரிகளுக்கு இளநீர் வாங்கப் போயிருந்தாள்.

வியாழக்கிழமை காலை பசுமைக்குடிலுக்குப் போனார். ஷைமாவும் அங்கே இருந்தாள். அவர் தொட்டிகளைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், பிறகு பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டார்.

"ஏம்மா, தெரியாமச் செஞ்சவங்களுக்கும் எரியுமா?"

"அதை அம்மன்கிட்டத்தான் கேக்கோணுமுங்க" என்றாள் சின்னாத்தாள். "இப்ப யாருக்குங்க சார் எரியுது?"

சொல்லிவிட்டார். பக்கத்துத் தொட்டி உட்பட எல்லாவற்றையும். சின்னாத்தாள் அந்தத் தளதளச் செடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, படத்துக்கு அது நல்லாத்தானுங்க இருந்திருக்கும் என்றாள். அறிக்கையில் அந்த வரியைத் திருத்திவிடுகிறேன் என்றார் கிருபாசங்கர்.

"எப்படித் திருத்துவீங்க சார்?" என்றாள் ஷைமா.

"படப்பிடிப்பின்போது பிழை ஏற்பட்டது."

"அது தானா ஏற்பட்டுச்சுங்களா, யாராவது ஏற்படுத்தினாங்களா?"

அவர், வெள்ளிக்கிழமை லீவு வேண்டுமா என்று சின்னாத்தாளிடம் கேட்டார்.

"இப்ப வேண்டாமுங்க. திங்கக்கெழமை நீங்க என்ன சொல்றீங்கன்னு பாப்போம். அடுத்த வாரமும் வெள்ளி வருதுங்களே."

திங்கட்கிழமை குழுவின் முன்னால், "இலையைத் தவறான செடியில் பறித்தது நான்" என்று கிருபாசங்கர் வாசித்தார். குழுத் தலைவர் தலையை ஆட்டிக்கொண்டே முறுக்கை ஒடித்தார், மறுபடி படிக்க எத்தனை மாதம் ஆகும் என்று கேட்டார், அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஒப்பந்தப் பட்டியலில் சின்னாத்தாளின் பெயர் அப்படியே இருந்தது.

மறுநாள் புது இலை எடுத்தார்கள். ஷைமா குழாயைப் பிடித்தாள். காட்டு உருளை இன்னும் சோகையாகத்தான் நின்றது. கிருபாசங்கர் பழக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"நீங்க இருங்க சார்" என்றாள் சின்னாத்தாள், குனிந்து இலையைக் கிள்ளியபடி. "நாங்க பறிச்சுக்கறோம்."