அக்கா சேர்த்துவிட்ட ஆட்கள்

ஆஸ்பத்திரி விரிப்புகளை வெளுக்கும் அந்தச் சலவைக்கூடத்தில் தேய்ப்பு வேலைக்கு எப்போதும் ஜோடி வேண்டும். ஈர விரிப்பின் இரு முனைகளையும் ஆளுக்கொன்றாக இழுத்துப் பிடித்து, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். அவளுக்கு எதிரே நின்றவள் கூடத்தில் எல்லாருக்கும் அக்கா; அவளை இங்கே சேர்த்துவிட்டதும் அந்த அக்காதான். "புருஷன் சண்டையை வீட்டோட வெச்சுட்டு வா. இங்க என்கூடத்தான் உனக்குக் குடித்தனம்" என்று முதல் நாளே சிரிக்க வைத்தவள். கூடத்தில் பாதிப்பேர் அக்காவின் கையைப் பிடித்து வந்தவர்கள். அந்த வழியிலேயே அவளும் தன் நாத்தனாரையும் கொழுந்தனையும் உள்ளே கொண்டுவந்துவிட்டாள். வீட்டில் உலை கொதிப்பது இந்த ஒரு கூடத்தை நம்பித்தான்.

அன்று மத்தியானம், சுருக்கம் விழுந்த விரிப்பை நீவப் போன அக்காவின் வலது கையை உருளை உள்ளே இழுத்துக்கொண்டது. விரல் போகாமல் தடுக்கும் தகடு கழன்று வெகுநாளாகியிருந்தது. எதிரே நின்ற அவள்தான் அலறிக்கொண்டு ஓடி மெஷினை நிறுத்தினாள்.

கையில் பெரிய கட்டோடு வீட்டில் கிடந்த அக்கா, பார்க்க வந்த அவளைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நானே அஜாக்கிரதையா கையை விட்டேனாம். நஷ்டஈடு கிடையாதுங்கறான் மேனேஜர். தகடு இல்லைன்னு விசாரணையில நீ ஒரு வார்த்தை சொல்லும்மா. எதிர்ல நின்னவ நீதானே?"

"இதைக்கூடச் சொல்லமாட்டேனாக்கா?"

விசாரணையன்று மேலாளர் அவளை முன்கூட்டியே அழைத்து, நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"உன் நாத்தனார் நல்லா வேலை செய்யுதும்மா. கொழுந்தனும் தங்கமான பையன். நீ சேர்த்துவிட்டவங்க. நீ எப்படியோ, அவங்களும் அப்படித்தானே?"

சற்று நேரத்தில் அக்காவை உள்ளே கூப்பிட்டார்கள்.

"தகடு இருந்ததா, இல்லையா?" என்று மேலாளர் அவளைக் கேட்டார்.

"கவனிக்கலைங்க சார். நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்."

அக்கா கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள்.

"எல்லாருமே அப்படித்தான் சொல்லியிருக்காங்க. கூடமே அந்தப் பக்கம் திரும்பியிருந்துதா கண்ணு?"

மறுநாள் மெஷின் ஓடியது. தகடு கழன்றதாக யாரும் சொல்லாததால் புதிதாக எதையும் மாட்டவில்லை. அக்கா நின்ற இடத்துக்கு அவள் நாத்தனாரை அனுப்பியிருந்தார்கள்.

"எப்படிப் பிடிக்கணும் அண்ணி?" என்றாள் நாத்தனார், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டே.

உருளை சூடேறிச் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து, தண்ணீர் சொட்டும் விரிப்பின் ஒரு முனையை எடுத்து நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.